எல்லையூர்ப் பள்ளியின் கணக்கு



பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து சேர்ந்த நாளில், தங்க ஓர் இடமும் செய்ய ஒரு தொழிலும் கிடைத்த பிறகு நாம் தேடிய மூன்றாவது பொருள் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பள்ளிக்கூடம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் தலைநகரில் ஏழு பள்ளிகளை நடத்துவதும், மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளைப் பேணி வந்திருப்பதும் அந்தத் தேட்டத்தின் பயனேயாகும். ஆகவே, பிற மொழி வழங்கும் மாநிலத்தில் ஒரு தமிழ் வகுப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும், இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது நம்மைப் போல் வந்தவர்களைப் பற்றியன்று. ஓரடியும் நகராமல், இருந்த இடத்தில் இருந்தபடியே பிற மாநிலத்தவரான தமிழரைப் பற்றியது. திருவனந்தபுரம் ஜில்லாவின் தென்கோடியிலே நெய்யாற்றின்கரைத் தாலூகா இருக்கிறது. அதன் கடைசி ஊர்களில் ஒன்று பாறசாலை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ரயிலில் வருகிறவர்களுக்குக் கேரளத்தின் கடைசி நிலையமும் அதுவே. சாலை வழியாக வந்தால் இஞ்சிவிளையைத் தாண்டியதும் களியக்காவிளை. அது தமிழ்நாடு. இடையிலே மலையும் இல்லை, பேராறும் இல்லை. அதே தென்னை, அதே வாழை, அதே ரப்பர் தோட்டம், பல வீடுகளில் இரு மொழியும் கலந்த அதே பேச்சு. கடைப் பலகையின் எழுத்து மாறுவதைக் கொண்டுதான் எல்லை கடந்ததை நாம் அறிகிறோம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதிக்கு முன்னர் இவையனைத்தும் திருவிதாங்கூர்-கொச்சி என்ற ஒரே ராஜ்யத்தில் இருந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நேசமணி முதலியோரின் தலைமையில், ஒன்பது தாலூகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரியது. அவற்றில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. முடிவில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் வந்தன. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே நின்றன. அந்தப் பழைய வழக்கை இங்கே மறுபடி நடத்துவது நம் நோக்கமன்று. கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. கோட்டுக்கு அப்பால் நின்றுவிட்ட குழந்தையின் படிப்பு எப்படி இருக்கிறது, அதை எந்தக் கணக்கிலே பார்த்து அறிவது என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

எல்லையோரத்துத் தேநீர்க் கடையொன்றில் பேச்சு இவ்விஷயத்தில் திரும்பியபோது முதியவர் ஒருவர், "எங்கள் காலத்தில் தமிழ் வகுப்பு நிறைந்திருந்தது, இப்போது பெஞ்சுதான் இருக்கிறது" என்றார். பக்கத்திலிருந்த இளைஞர் உடனே, "கேரளத்தின் படிப்புக் கணக்கைப் பாருங்கள், நாட்டிலேயே முதல் வரிசை" என்றார். இருவரும் சற்றே சூடாகப் பேசினார்கள். நாம் பின்னர் கணக்குகளைப் புரட்டிப் பார்த்ததில், இருவர் சொன்னதும் மெய்யாக இருக்க முடியும் என்று கண்டோம். அது எப்படி என்று சொல்லவே இந்தப் பேச்சு.

முதலில், கணக்கு எங்கே கிடைக்கிறது என்று பார்ப்போம். இந்தியாவிலுள்ள பள்ளி ஒவ்வொன்றுக்கும் யுடைஸ் என்ற மத்திய சர்க்கார் ஏற்பாட்டின்கீழ்ப் பதினோர் இலக்கம் கொண்ட எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த இரண்டு ஜில்லா, பின்னர் வட்டாரம், கிராமம், இறுதியில் பள்ளி. கேரளத்துப் பள்ளியின் எண் 32 என்று தொடங்கும், தமிழ்நாட்டுப் பள்ளியின் எண் 33 என்று தொடங்கும். பாறசாலையில் ஒரு பள்ளியும் களியக்காவிளையில் ஒரு பள்ளியும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கலாம், ஆனால் ஏட்டிலே அவை இரண்டு வெவ்வேறு உலகங்கள். கேரள சர்க்கார் தனக்கென்று 'சம்பூர்ணா' என்ற மாணவர் பதிவேட்டை வைத்திருக்கிறது. அதிலிருந்து பொதுமக்கள் பார்க்கத்தக்க விவரங்கள் 'சமேதம்' என்ற தொகுப்பில் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுக்கும் தனிப் பதிவேடு உண்டு. ஒன்றின் கணக்கு மற்றொன்றில் தெரியாது.

கல்வி ஜில்லா என்பதைப் பற்றியும் ஒரு சொல். திருவனந்தபுரம் ரெவினியூ ஜில்லாவில் மூன்று கல்வி ஜில்லாக்கள் இருக்கின்றன. நெய்யாற்றின்கரை அவற்றுள் ஒன்று, பாறசாலை அதன் கீழுள்ள உபஜில்லா. கல்வி ஜில்லாவின் எல்லையும் தாலூகாவின் எல்லையும் ஒன்றல்ல. அதுமட்டுமன்று, 2014-இல் காட்டாக்கடை என்ற புதிய தாலூகா பிரிந்தபோது நெய்யாற்றின்கரையின் சில கிராமங்கள் அதற்குச் சென்றன. ஆகையால், பழைய தாலூகாக் கணக்கையும் புதிய தாலூகாக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "ஐயோ, இத்தனை குழந்தைகள் குறைந்துவிட்டார்களே" என்று அலறுவது பேதைமை. குறைந்தது நிலமாகவும் இருக்கலாம். யுடைஸ் கணக்கிலும் இதைப் போன்ற ஒரு பள்ளம் உண்டு. முன்னெல்லாம் பள்ளியின் மொத்தத் தொகையை எழுதி அனுப்பினார்கள். 2022-23 முதல் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே பெயரிட்டுப் பதிகிறார்கள். எண்ணும் முறையே மாறியபின் முன்னாண்டு எண்ணோடு நேராக ஒப்பிடலாகாது.

இனி, சேர்க்கைக்கு வருவோம். கணக்கிலே உயிர் உள்ள இடம் இதுவே.

கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாம் பணிநாள் ஒரு முக்கியமான நாள். அன்று வகுப்பில் எத்தனை தலைகள் என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையைக் கொண்டுதான் அந்தப் பள்ளிக்கு அவ்வாண்டு எத்தனை ஆசிரியர் என்று கல்வி அதிகாரி நிர்ணயிப்பார். கீழ்வகுப்புகளில் முப்பது குழந்தைக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. நமக்கு இது ஏதோ அலுவலகச் சடங்கு போலத் தோன்றலாம். அந்த ஊர்களில் அப்படியன்று. ஆறாம் நாளுக்குப் பிறகு வந்து சேர்ந்த குழந்தை படிக்கலாம், உண்ணலாம், ஆனால் அவ்வாண்டு அக்குழந்தையைக் கொண்டு ஓர் ஆசிரியரைக் கேட்க முடியாது. அந்த வாரத்தில் தலைமையாசிரியர்கள் வீடு வீடாக நடப்பதன் ரகசியம் இதுதான்.

இங்கே ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். நாம் சொல்லப்போகும் எண்கள் எந்தப் பள்ளியினுடையவும் அல்ல, விளக்கத்துக்காக நாமே வைத்துக்கொண்டவை. எல்லையூரிலே, ஒன்று முதல் நான்கு வகுப்பு வரை உள்ள ஒரு பள்ளி. மொத்தம் 100 குழந்தைகள். ஆசிரியர் நால்வர். ஆசிரியர் ஒருவருக்கு 25 குழந்தைகள். சட்டம் கேட்பது முப்பது. ஆகையால் ஜில்லாப் பட்டியலிலே இந்தப் பள்ளி குறையற்ற பள்ளி. எந்த அதிகாரியும் இதன் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போடமாட்டார்.

இப்போது பள்ளிக்குள்ளே போவோம். நூறு குழந்தைகளில் மலையாளவழியில் 72 பேர், தமிழ்வழியில் 28 பேர். மலையாளத்துக்கு மூன்று ஆசிரியர், தமிழுக்கு ஒருவர். தமிழ் ஆசிரியரிடம் 28 குழந்தைகள்தாம் என்பதால் அங்கும் சட்டம் மீறப்படவில்லை. ஆனால் அந்த 28 பேரும் நான்கு வகுப்புக் குழந்தைகள், வகுப்புக்கு ஏழு பேர். ஒருவருக்கு அகரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது மற்றொருவருக்குப் பெருக்கல் சொல்லவேண்டும், மூன்றாம் வகுப்பு சும்மா இருக்கும், நான்காம் வகுப்பு சண்டை போடும். ஆசிரியர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் நான்கு வகுப்பும் மூடியதற்குச் சமம். இதில் எதுவும் ஏட்டிலே தெரியாது. அங்கே தெரிவதெல்லாம் 25 என்ற அழகான சராசரி.

ஆகவே, சிறுபான்மை மொழியினர் கேட்கவேண்டிய கேள்வி, "இந்தப் பள்ளியில் எத்தனை பேர்?" என்பதன்று. "இந்த மொழியில், இந்த வகுப்பில் எத்தனை பேர், அவர்களுக்கென்று எத்தனை ஆசிரியர்?" என்பதாகும். பயிற்று மொழி எது என்ற விவரம் யுடைஸ் படிவத்திலே கேட்கப்படுகிறது. ஆனால் ஜில்லா அறிக்கையின் முதற் பக்கத்துக்கு அது ஏறுவதில்லை. கேட்டால்தான் வரும்.

இன்னும் ஒரு கணக்கு. 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மாகாணக் கல்வி மந்திரிகளின் மாநாடு ஒரு தீர்மானம் செய்தது. ஆரம்பப் பள்ளி முழுவதிலும் ஒரு மொழி பேசும் குழந்தைகள் நாற்பது பேர் இருந்தால், அல்லது ஒரு வகுப்பிலே பத்துப் பேர் இருந்தால், அவர்களுக்குத் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டும் என்பது அது. பின்னர் 1956-இல் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 350ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஆரம்பக் கல்வியில் தாய்மொழிப் போதனைக்குத் தக்க வசதி செய்து தர ஒவ்வொரு மாநிலமும் ஸ்தல ஸ்தாபனமும் முயலவேண்டும் என்று அது கூறுகிறது. அடுத்த பிரிவான 350பி மொழிச் சிறுபான்மையினருக்கென்று தனி அதிகாரி ஒருவரை ஏற்படுத்தியது. அவருடைய அலுவலகத்து அறிக்கைகளில் இந்த நாற்பதும் பத்தும் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

நம் கற்பனைப் பள்ளியை இந்தத் தராசிலே வைத்துப் பாருங்கள். வகுப்புக்கு ஏழு, பத்தைத் தொடவில்லை. மொத்தம் இருபத்தெட்டு, நாற்பதைத் தொடவில்லை. இருக்கும் ஒரு தமிழ் ஆசிரியர் ஓய்வு பெற்றாரானால் அவ்விடத்தை நிரப்பித் தாருங்கள் என்று அழுத்திக் கேட்க, பன்னிரண்டு குழந்தைகள் குறைகிறார்கள். அந்தப் பன்னிருவர் எங்கே?

சிலர் பிறக்கவேயில்லை. கேரளத்தில் பிறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்துவிட்டது. மலையாளப் பள்ளிகளிலும் இருக்கைகள் காலியாகின்றன. சிலர் ஆங்கிலவழிக்குப் போய்விட்டார்கள், இது நாடெங்கும் உள்ள கதைதான். மற்றும் சிலர் காலையில் பஸ் ஏறிக் களியக்காவிளைக்கும் அதற்கு அப்பாலும் போகிறார்கள். அதற்கும் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் 2020-இல் இயற்றிய சட்டத்தின்படி, அம்மாநிலத்து அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவக் கல்லூரி இடங்களில் நூற்றுக்கு ஏழரை ஒதுக்கப்படுகிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். பாறசாலைப் பக்கத்திலே தமிழில் படித்தாலும் இவை கிட்டா. இருப்பிடச் சான்று முதலிய நிபந்தனைகள் தனி. எனினும், தன் மகள் டாக்டராகக்கூடும் என்று நினைக்கிற தகப்பனார் எந்தப் பக்கம் பார்ப்பார் என்பதை ஊகிக்கலாம்.

அக்குழந்தை களியக்காவிளைப் பள்ளியில் சேர்ந்தவுடன் 32-இல் ஒன்று குறைகிறது, 33-இல் ஒன்று கூடுகிறது. கேரளக் கணக்கைப் பார்ப்பவர், "தமிழ்வழிக்குத் தேவை குறைகிறது" என்று எழுதுவார். தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்ப்பவர் அக்குழந்தை எல்லைக்கு அப்பாலிருந்து வந்ததென்பதைக் கவனிக்கவே மாட்டார். தேவை குறையவில்லை, பஸ் ஏறிப் போயிருக்கிறது. தேநீர்க் கடை முதியவரின் வெற்று பெஞ்சுக்கு விளக்கம் இதில் ஒரு பங்கு.

நிதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கேரளத்தில் சர்க்கார் பள்ளியாயினும், மானியம் பெறும் எய்டட் பள்ளியாயினும், ஆசிரியர் சம்பளத்தைச் சர்க்காரே தருகிறது. ஆகவே, பள்ளிக்குச் செல்லும் பணத்தில் பெரும் பகுதி ஆசிரியர் எண்ணிக்கையைப் பின்பற்றியே போகும், ஆசிரியர் எண்ணிக்கை ஆறாம் நாள் எண்ணிக்கையைப் பின்பற்றும். சர்க்கார் ஆரம்பப் பள்ளிகளின் பராமரிப்பு கிராமப் பஞ்சாயத்தினிடம் இருப்பதால் கூரை ஒழுகினால் அங்கே கேட்கவேண்டும். இவற்றைத் தவிர, சமக்ர சிக்ஷா என்ற மத்தியத் திட்டத்தில் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை பள்ளிக்கு வரும். 31 முதல் 100 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000. நம் கற்பனைப் பள்ளியில் சரியாக நூறு பேர் என்று வைத்தோம் அல்லவா? எல்லை கடந்த பன்னிருவரில் ஒரே ஒரு குழந்தை திரும்பி வந்தால் மானியம் இரட்டிக்கும். ஒரு தலைக்கு 25,000 ரூபாய்! சாக்பீஸுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் அலைகிற தலைமையாசிரியருக்கு அது பெரிய தொகை.

ஒதுக்கிய பணம் வேறு, வந்து சேர்ந்த பணம் வேறு என்பதையும் மறக்கலாகாது. பி.எம். ஸ்ரீ என்ற மற்றொரு திட்டத்தில் ஒப்பந்தம் செய்யாத காரணத்தால் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சமக்ர சிக்ஷாவின் மத்தியப் பங்கு நெடுநாள் வராமல் நின்றுபோனது. எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே நேரத்தில் ஒரே வறட்சி. இந்த ஒற்றுமையையேனும் எல்லைக்கோடு கெடுக்கவில்லை.

கடைசியாகத் தேர்ச்சி. இளைஞர் பெருமையோடு சொன்னாரே, அது பொய்யன்று. கேரளத்தின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி 2023-இல் நூற்றுக்கு 99.70, 2024-இல் 99.69. வினாத்தாள் மலையாளம், ஆங்கிலம் மட்டுமன்றித் தமிழிலும் கன்னடத்திலும் அச்சாகிறது, பாடநூல்களும் அவ்வாறே. இதை நாம் மனமாரப் பாராட்டவேண்டும். பல மாநிலங்களில் நமக்கு இந்த வசதி இல்லை. ஆயினும், எல்லாரும் தேறும் பரீட்சையில் தேர்ச்சி எண்ணை வைத்துப் பள்ளிகளைத் தரம் பிரிக்க முடியாது. உயரம் அளக்கும் கோல் மூன்றடிதான் என்றால் எல்லாரும் மூன்றடிக்கு மேல் என்றுதான் சொல்லும். எந்தப் பாடத்தில் எந்தக் கிரேடு, எட்டாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு வரை அதே மொழிவழியில் வந்தார்கள் என்பவையே பொருளுள்ள கேள்விகள். பின்னது மிகவும் முக்கியம். இடையிலே விலகியவர் பரீட்சைக் கணக்கில் இல்லவே இல்லை.

சிறிய வகுப்பின் விகிதத்தையும் நம்பிவிடக் கூடாது. எட்டுப் பேர் எழுதி ஒருவர் தவறினால் நூற்றுக்கு 87.5. மறு ஆண்டு எட்டுப் பேரும் தேறினால் நூற்றுக்கு நூறு. பத்திரிகைகள், "பன்னிரண்டரை விழுக்காடு உயர்வு" என்று எழுதும். நடந்தது என்னவோ, ஒரு பையன் தேறினான் என்பதுதான். இத்தகைய இடங்களில் விகிதத்தைத் தள்ளிவிட்டு ஆள் கணக்கையே பார்ப்பது நல்லது.

ஏட்டில் நிரம்பியிருக்கும் இடம் மெய்யாகவே நிரம்பியிருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். வடகோடியிலே காசர்கோட்டில் கன்னடவழி வகுப்புகளுக்குக் கன்னடம் அறியாத ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டதை எதிர்த்துப் பெற்றோரும் மாணவரும் கிளர்ச்சி செய்தார்கள், வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. காலியிடப் பட்டியலில் அந்த இடங்கள் நிரப்பப்பட்டவையே! குழந்தையோ ஆசிரியர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தமிழ் வகுப்பைப் பற்றிக் கேட்கும்போது, "ஆசிரியர் இருக்கிறாரா?" என்பதோடு நில்லாமல், "எந்த மொழியில் பயிற்சி பெற்றவர்?" என்றும் கேட்கவேண்டும்.

2017-இல் கேரளம் எல்லாப் பள்ளிகளிலும் மலையாளத்தைப் பாடமாக்கச் சட்டம் செய்தது. எல்லையூர்த் தமிழ்க் குழந்தை மலையாளம் கற்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. மராத்தியும் வங்காளமும் கற்றே நம் பிள்ளைகள் வாழ்கிறார்கள். அண்டை வீட்டான் மொழி கைக்கு ஒரு கருவி. அதற்காகத் தன் மொழி வகுப்பு, எவரும் மூடாமலே மூடிப்போகவேண்டியதில்லை என்பதுதான் நம் அபிப்பிராயம்.

நேயர்களில் நெய்யாற்றின்கரைப் பக்கத்து உறவினர் உள்ளவர்கள் சிலர் இருக்கக்கூடும். ஏப்ரல், மே மாதங்களில் அவர்கள் வீட்டுக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் பேச்சு வரும். சேர்க்கைப் படிவத்தில் தாய்மொழி என்று ஒரு கட்டம் உண்டு. பல வீடுகளில், இரண்டு மொழியும் பேசுகிறோமே என்ற எண்ணத்தில், எழுதுகிறவர் கைக்கு வந்ததை எழுதிவிடுகிறார். வீட்டு மொழி தமிழானால் அக்கட்டத்தில் தமிழ் என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பள்ளியில் தமிழ்வழி எத்தனை பேர், நாற்பதுக்கு எத்தனை குறைவு என்று தலைமையாசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். ஜூன் மாதம் ஆறாம் பணிநாள் முடிவதற்குள் கேட்கவேண்டும்.